ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கிங் பிரேக்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

இன்ஜின் ஆயில் எந்த கிரேடு, டயரில் எவ்வளவு காற்று என்று நுணுக்கி நுணுக்கிப் பேசுகிறவர்கள்கூட ஹேண்ட்பிரேக் என்று வந்தால் "அது பாட்டுக்கு இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். நான் பார்த்தவரை இந்த பிரேக்கைக் கெடுப்பவை இரண்டு பழக்கங்கள். ஒன்று, அதைத் தொடாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுவது. மற்றது, போடக்கூடாத நேரத்தில் போடுவது. கீழே உள்ள புகார்களில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும். மீதியில் சில கோளாறே கிடையாது. வண்டி தன் வேலையைச் செய்கிறது, நமக்குத்தான் அந்தச் சத்தம் புதிது.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் கை வைத்தால் செலவு கூடும்.

கை லிவரும் கேபிளும் உள்ளது பழைய வகை. மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86, நிசான் இசட் போன்றவற்றில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. அடுத்தது பின் காலிப்பரின் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் கிடுக்கியின்) முதுகிலேயே ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரிக் வகை. மூன்றாவதில், பின் டிஸ்க்கின் நடுவே தொப்பி மாதிரி குழிந்த பகுதிக்குள் ஒரு குட்டி ட்ரம் பிரேக் ஒளிந்திருக்கும். நான்கு பிஸ்டன் வைத்த பெரிய காலிப்பருக்குள் பார்க்கிங் பிரேக் பொறியைத் திணிப்பது சிரமம். அதனால் வேகமான வண்டிகளில் இந்த உள்ட்ரம்மையோ, டிஸ்க்கைக் கவ்வும் தனிக் குட்டிக் காலிப்பரையோ வைப்பார்கள். செராமிக் டிஸ்க் வண்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான். உள்ட்ரம்மைக் கை லிவரும் இழுக்கலாம், மோட்டாரும் இழுக்கலாம். போர்ஷே 911-ஐ எடுத்துக்கொண்டால், 2011-ல் வந்த 991 தலைமுறையில்தான் கை லிவர் போய் சுவிட்ச் வந்தது.

கண்டுபிடிக்க எளிய வழி: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அமைதியான இடத்தில் சுவிட்சை இழுங்கள். இரண்டு பின் சக்கரங்களிலிருந்தும் தனித்தனியாக "ஙொய்ங்" என்று கேட்டால் பெரும்பாலும் மோட்டார் காலிப்பரில் இருக்கிறது. சத்தம் நடுவிலிருந்து ஒன்றாக வந்தால் ஒரே மோட்டார் கேபிள்களை இழுக்கிறது.

"மேட்டில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது 'டங்' என்று இடிக்கிறது"

ஆட்டோமேட்டிக் அல்லது டூயல் கிளட்ச் வண்டியில் பார்க் போட்டதும் கியர்பாக்ஸுக்குள் விரல் அளவு கொக்கி ஒன்று ஒரு பல் சக்கரத்தில் விழுகிறது. அவ்வளவுதான் பார்க். நீங்கள் பார்க் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி இரண்டு அங்குலம் உருண்டு நிற்கிறது அல்லவா? அந்தக் கணத்தில் வண்டியின் முழு எடையும் அந்தக் கொக்கியின் மேல் சாய்கிறது. பிறகு ஹேண்ட்பிரேக் போட்டு என்ன பயன்? பாரம் ஏற்கெனவே கொக்கியில். மறுபடி கிளம்பும்போது அழுத்தத்தில் சிக்கிய கொக்கியைப் பிடுங்க வேண்டியிருப்பதால்தான் அந்த "டங்".

வரிசையை மாற்றினால் சத்தம் போய்விடும். பிரேக் பெடலை மிதித்தபடியே நியூட்ரல், பார்க்கிங் பிரேக், பிறகு பெடலிலிருந்து காலை மெதுவாக எடுத்து வண்டியை பார்க்கிங் பிரேக்கின் மேல் சாயவிடுங்கள், கடைசியாக மறுபடி பெடலைத் தொட்டு பார்க். கிளம்பும்போது தலைகீழ்: காலால் பிரேக்கை மிதித்து, பார்க்கிலிருந்து கியரை எடுத்துவிட்டு, கடைசியில் பார்க்கிங் பிரேக்கை விடுங்கள். கை கியர் வண்டியிலும் அதே கதைதான். பாரத்தை பிரேக்கில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு கியரில் போடுங்கள். மூக்கு மேலே பார்த்தால் முதல் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ்.

சமதளத்தில்கூட "டங்" கேட்டால் இந்த வைத்தியம் பலிக்காது. இன்ஜின் மவுண்டையும் கியர்பாக்ஸ் மவுண்டையும் பாருங்கள்.

எவ்வளவு மேடு வரை நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு அளவுகோல் உண்டு. ஐ.நா.வின் 13-எச் ஒழுங்குமுறைப்படி, முழு பாரத்தோடு இருக்கும் காரை 20 சதவீதச் சரிவில், ஏற்றத்திலும் இறக்கத்திலும், பார்க்கிங் பிரேக் தனியாகவே பிடித்து நிறுத்த வேண்டும். 20 சதவீதம் என்பது 11 டிகிரிக்குச் சற்று மேல். கண்ணுக்கு நல்ல செங்குத்தாகத் தெரியும். அதைவிடச் சாதுவான மேட்டிலேயே வண்டி நழுவினால் அடுத்தடுத்த பகுதிகளைப் படியுங்கள்.

"இறங்கிப் பூட்டி ஐந்து நிமிடம் கழித்து, யாரும் தொடாமல் பின்னாலிருந்து சத்தம் வருகிறது"

முதல் தடவை இதைக் கேட்டபோது வண்டிக்குள் ஏதோ ஷார்ட் ஆகிவிட்டதென்று நான் பேட்டரியையே கழற்றப் போனேன். கோளாறு இல்லை. வேகமாக ஓட்டிவிட்டு நிறுத்தும்போது டிஸ்க் சூட்டில் விரிந்திருக்கும். மோட்டார் அந்த விரிந்த டிஸ்க்கைக் கவ்வுகிறது. டிஸ்க் ஆற ஆறச் சுருங்கும்; கவ்விய பிடி தளரும். இதைத் தெரிந்துகொண்டே பல வண்டிகளின் கணினி, நீங்கள் எவ்வளவு கடுமையாக பிரேக் பிடித்தீர்கள் என்பதிலிருந்து டிஸ்க் சூட்டைக் கணக்குப் போட்டு, சில நிமிடங்கள் கழித்து மோட்டாரை ஒருமுறை எழுப்பி மறுபடி இறுக்கும். அந்தச் சத்தம்தான் அது.

கை லிவர் வண்டிக்கு இந்த மூளை கிடையாது. டிஸ்க்கைக் கவ்வும் வகையில் லிவர் இருந்தால், சூட்டோடு நிறுத்தும்போது ஒரு பல் கூடுதலாக இழுத்து, கியரிலும் போட்டுவிட்டு இறங்குங்கள். உள்ட்ரம் வகையில் விஷயம் நேர்மாறு: சூட்டில் விரிந்த ட்ரம் ஆறும்போது உள்ளே இருக்கும் ஷூக்களின் (ட்ரம்மை உரசும் உராய்வுத் துண்டுகளின்) மேல் சுருங்கி இன்னும் இறுகும். மறுநாள் விடமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் அதனால்தான்.

இதெல்லாம் சாலையில் ஓட்டுவதற்கு. ரேஸ் டிராக்கில் நாலைந்து சுற்று அடித்துவிட்டு உள்ளே வந்தால் பார்க்கிங் பிரேக் போடவே கூடாது. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும் டிஸ்க்கை பேட் (காலிப்பருக்குள் இருக்கும் உராய்வுத் துண்டு) ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால், பேட்டின் பொருள் அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் அல்லது சீட்டு அதிரும். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று சொல்லி ஒரு செட் டிஸ்க்கை மாற்றச் சொல்வார்கள். பின் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்: பேட்டின் வடிவத்திலேயே ஒரு நீலக் கறுப்புத் தழும்பு தெரிந்தால் அது வளைவு இல்லை, முத்திரை. லேசாக இருந்தால் நடுத்தர வேகத்திலிருந்து சீராக, முழுதாக நிறுத்தாமல், பலமுறை பிரேக் பிடித்து ஓட்டும்போதே தேய்ந்து போகும்.

ஆகவே கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் நிதானமாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுங்கள். உள்ளே வந்ததும் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிரேக் பெடலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். முன் டிஸ்க்குக்கும் அதே கதி. சிக்கல் என்னவென்றால், நிறைய எலக்ட்ரிக் வண்டிகள் இக்னிஷனை அணைத்ததும் தாமாகவே பிரேக்கைப் போட்டுக்கொள்ளும். அதைத் தடுக்கும் வழி ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. சிலவற்றில் அணைக்கும்போது சுவிட்சை விடுவிக்கும் பக்கம் அழுத்திப் பிடிக்க வேண்டும்; சிலவற்றில் மெனுவில் ஒரு அமைப்பு இருக்கும். கையேட்டில் அந்தப் பக்கத்தை டிராக்குக்குப் போகும் முந்தின நாளே படித்து வையுங்கள்.

"காலையில் வண்டி அசையமாட்டேன் என்கிறது, பின் சக்கரம் கட்டிப் போட்ட மாதிரி"

கழுவிவிட்டு அப்படியே நிறுத்தினீர்களா? மழையில் வந்து பிரேக் போட்டுவிட்டுத் தூங்கினீர்களா? ஷூவும் ட்ரம்மும், அல்லது பேட்டும் டிஸ்க்கும், துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். கடுங்குளிர் இடமென்றால் உறைந்த நீரே பசையாகிவிடும்.

ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்கப் பார்க்காதீர்கள். முன்னூறு, நானூறு குதிரைசக்தி கையில் இருக்கும்போது ஒரு சக்கரம் விடுபட்டு மற்றது விடாமல் வண்டி குறுக்கே திரும்பும். கிளட்ச்சும் போகும், ஷூவின் உராய்வுத் தகடு பெயர்ந்து ட்ரம்முக்குள் உருள்வதும் உண்டு. பிரேக்கை விடுவித்து, ரிவர்ஸில் போட்டு, கிளட்ச் கடிக்கும் புள்ளி வரை மட்டும் விடுங்கள். பிறகு முதல் கியரில் அதேபோல. முன்னும் பின்னும் நாலைந்து முறை. "பட்" என்று ஒரு சத்தத்தோடு விடும். விடாவிட்டால் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் தொப்பிப் பகுதியில் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். நான் தட்டியபோது மூன்றாவது அடியிலேயே செம்மண் நிறத்தில் ஒரு கைப்பிடித் துருத்தூள் கொட்டி, டிஸ்க் தன்னால் கால் சுற்று திரும்பியது.

கழுவியதும் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து ஈரத்தை ஆவியாக்கிவிட்டு நிறுத்துங்கள். வாரக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறதென்றால் பார்க்கிங் பிரேக் வேண்டாம். கியரும் கட்டையும் போதும்.

"லிவர் கூரையைத் தொடுகிறது, வண்டி நிற்கவில்லை"

இதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். நிதானமாகப் பார்ப்போம்.

லிவர் உயரமாக வருகிறது என்றதும் எல்லாருடைய கையும் லிவருக்குக் கீழே இருக்கும் கேபிள் நட்டுக்குத்தான் போகும். நாலு சுற்று இறுக்கினால் லிவர் கெட்டியாகிவிடும். வேலை முடிந்த மாதிரி இருக்கும். மூன்று மாதத்தில் அதே புகார் திரும்பி வரும், கூடவே பின் பேட் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். காரணம் இது: டிஸ்க்கைக் கவ்வும் வகையில், காலிப்பருக்குப் பின்னால் கேபிள் மாட்டும் ஒரு சின்னக் கை இருக்கிறது. லிவரை இறக்கினால் அந்தக் கை முழுதாகப் பின்வாங்கித் தன் முட்டுக்கட்டையில் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் பேட் தேய்மானத்தை ஈடுகட்டும் தானியங்கிப் பொறி காலிப்பருக்குள் வேலை செய்யும். கேபிளை இறுக்கி வைத்தால் கை பாதியில் தொங்கும், பொறி செயலிழக்கும், பேட் தேயத் தேய லிவர் மறுபடி உயரும்.

ஆகவே கடைசியில் தொட வேண்டியது கேபிள். வரிசை இப்படி:

லிவரை முழுக்க இறக்கி, கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். முன் சக்கரங்களின் இரு பக்கமும் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரண்டு காலிப்பர்களிலும் அந்தக் கை முட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். உட்காரவில்லை என்றால் கேபிள் உறைக்குள் துரு, அல்லது கையின் சுழல் அச்சு இறுகிவிட்டது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். உட்கார்ந்திருந்தால் கால் பிரேக்கை இருபது, முப்பது முறை மிதித்துத் தானியங்கிப் பொறியை அதன் இடத்துக்கு வரவிடுங்கள். உள்ட்ரம் வகையென்றால் டிஸ்க் முகத்திலோ பின்தகட்டிலோ ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும். அதன் வழியே ஸ்க்ரூட்ரைவரால் உள்ளே இருக்கும் பல் சக்கரத்தைச் சக்கரம் பிடிக்கும் வரை திருப்பி, உரசல் போகும் வரை சில பல் பின்னால் விடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு கேபிளின் தொய்வு மட்டும் போகும் அளவுக்கு நட்டை இறுக்குங்கள். எத்தனை "டிக்"கில் பிடிக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய ஒரு கண்ணி இங்கே உண்டு. பின்னால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களும் இஷ்டத்துக்குத் தனித்தனியாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால், ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மறுபக்கச் சக்கரமும் கூடவே சுற்றும். இடதில் கைக்குத் தெரியும் உரசல் வலது பக்க ஷூவுடையதாக இருக்கலாம். நான் இதை அறியாமல் இடது பக்கத்தை அரை மணி நேரம் தளர்த்திக்கொண்டே இருந்திருக்கிறேன். எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமென்றால் சின்னதாக ஓட்டிவிட்டு வந்து இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள்.

எல்லாம் சரியான அளவில் இருந்தும் உள்ட்ரம் பிடிக்கவில்லையா? அதன் ஷூ ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு உபயோகப்படுவதே இல்லை. அதனால் தேயாது, பளபளவென்று கண்ணாடி மாதிரியோ, துருப் படலம் போர்த்தியோ கிடக்கும். புது ஷூ போட்டாலும் ட்ரம்மோடு பழகாமல் வழுக்கும். கை லிவர் வண்டியில், ஆளில்லாத நேர்ச்சாலையில், லிவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெதுவான வேகத்தில் லேசாக இழுத்துச் சிறிது தூரம் உரசவிட்டு, ஆறவிட்டு, மறுபடி செய்ய வேண்டும். பட்டனை விட்டுவிட்டால் லிவர் பூட்டிக்கொள்ளும், பின் சக்கரம் நின்றுவிடும். விரல் அங்கேயே இருக்கட்டும். எலக்ட்ரிக் வகைக்கு இந்தப் பழக்கும் முறையை, வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் வழியாகத் தொடங்க வேண்டியிருக்கலாம்.

"சிவப்பு விளக்கு…"

விளக்கு எப்படி எரிகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

லிவரை இறக்கியும் எரிந்துகொண்டே இருந்தால், லிவரை இன்னும் ஒரு விரல் கீழே அழுத்திப் பாருங்கள். அணைந்தால் லிவரடியில் உள்ள சுவிட்ச் நகர்ந்திருக்கிறது. அணையாவிட்டால் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே விளக்குத்தான்.

வேகமாக வளைவு எடுக்கும்போது மட்டும் மின்னி அணைந்தால் அது ஹேண்ட்பிரேக்கே இல்லை. ஆயில் அளவு கீழ்க்கோட்டுக்கு அருகே இருக்கிறது. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது மிதவை தாழ்கிறது. சாதாரண வண்டியில் இந்தப் பக்கவிசை அவ்வளவாக வராது, ஸ்போர்ட்ஸ் காரில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். உடனே ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். பேட் தேய்ந்தால் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் அளவு இறங்கும். அதுதான் வழக்கமான காரணம். முதலில் பேட் கனத்தைப் பாருங்கள், கசிவு இல்லையென்று உறுதிசெய்யுங்கள். தேய்ந்த பேட்டோடு ஆயிலை நிரப்பி வைத்தால், புது பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயின்டைத் தின்றுவிடும்.

எலக்ட்ரிக் வகையில், சிவப்பு நிலையாக எரிந்தால் பிரேக் போட்டிருக்கிறது. சிவப்பு மினுக்கினால் பெரும்பாலும் முழு இறுக்கம் வரவில்லை என்று பொருள். அந்த நிலையில் மேட்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மஞ்சள் விளக்கு என்றால் அமைப்பில் பிழை பதிவாகியிருக்கிறது, ஸ்கேனர் வேண்டும்.

"சுவிட்சை அமுக்குகிறேன், விடமாட்டேன் என்கிறது"

பத்தில் ஒன்பது தடவை ஆள்தான் காரணம். இக்னிஷன் போட்டு, பிரேக் பெடலை மிதித்துக்கொண்டு அமுக்குங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தானாக விடும் வசதி வேலை செய்யவில்லை என்றால் சீட் பெல்ட் மாட்டியிருக்கிறதா, ஓட்டுநர் கதவு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தலையை வெளியே நீட்டி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பிடிவாதம் நன்றாகத் தெரியும். உள்ளே யாரும் இல்லாமல் வண்டி கிளம்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இதெல்லாம் சரியாக இருந்தால் 12 வோல்ட் பேட்டரி. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் இன்ஜின் ஒருவழியாகக் கிளம்பிவிடும், ஆனால் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் கிடைத்திருக்காது, மஞ்சள் விளக்கு வரும். சார்ஜ் ஏற்றிவிட்டு, பெடலை மிதித்தபடி சுவிட்சை ஒருமுறை இழுத்து ஒருமுறை அமுக்குங்கள். பல வண்டிகளில் அதோடு விளக்குப் போய்விடும். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்காமல் காலிப்பர் மோட்டார் விடாது.

"ஓடும்போது சுவிட்சை இழுத்தேன், பின்னால் வழுக்கவே இல்லை"

வழுக்காது. வழுக்கக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் சுவிட்சை இழுத்துப் பிடித்தால் பின் மோட்டார்கள் இறுகுவதில்லை. வண்டி நிலை தடுமாறாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் பம்ப் நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தம் கொடுத்து, ஏபிஎஸ் துணையோடு வண்டியை நேராக நிறுத்துகிறது. வண்டி நின்ற பிறகுதான் மோட்டார்கள் கவ்வும். சுவிட்சை விட்டால் பிரேக்கும் விடும். கால் பிரேக் செயலிழந்தாலோ, தரைவிரிப்பு பெடலில் சிக்கினாலோ கை நீட்டினால் கிடைக்கும் உயிர்காப்பு இது. ஓட்டுநருக்கு மயக்கம் வந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரும் நடு சுவிட்சை இழுத்துப் பிடிக்கலாம். எலக்ட்ரிக் பிரேக் வண்டி வைத்திருக்கும் எத்தனையோ பேருக்கு இது தெரியாது. காலி மைதானத்தில், குறைந்த வேகத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். கை அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும்.

பின்னால் வழுக்குவதுதான் வேண்டுமென்றால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டும். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் நான்கு சக்கர இயக்கம் கொண்டது. அதில் கை லிவரை இழுத்ததும் பின் சக்கரங்களுக்குப் போகும் விசையைத் துண்டித்துவிடும். இல்லாவிட்டால் இன்ஜினும் பிரேக்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஃபோர்டு மஸ்டாங் 2024 மாடலில் பார்ப்பதற்குப் பழைய கை லிவர் மாதிரியே ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆனால் அது மின்னணு. சறுக்குவதற்கென்றே தனி அமைப்பு உண்டு, மூடிய டிராக்கில் மட்டும். அதே மஸ்டாங்கில் 2015 ஜிடி மாடலிலிருந்து லைன் லாக் என்று ஒன்று இருக்கிறது. அது முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தைச் சுழலவிடும். சாதாரணத் தெருவில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு "பிரேக் ஜாம்" என்று கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஜாம் இல்லை, லைன் லாக்தான் பிடித்திருக்கும்.

"பின் பேட் மாற்றினேன், அதன் பிறகு பிரேக்கே போடவில்லை"

காலிப்பரில் மோட்டார் இருக்கும் வகையில் பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு திருகு நிற்கிறது. அதை மோட்டார் பின்வாங்க வைக்காமல் கிளாம்ப் போட்டுப் பிஸ்டனை உள்ளே அழுத்தினால் திருகோ பல் சக்கரமோ உடையும். முதலில் சர்வீஸ் மோடு, அதாவது மோட்டாரே திருகைப் பின்வாங்க வைக்கும் நிலை. பல வண்டிகளில் ஸ்கேனர் வேண்டும், சிலவற்றில் சுவிட்சும் பெடலும் சேர்ந்த ஒரு வரிசையே போதும். வேலை முடிந்ததும் கால் பிரேக்கை மிதித்து பேட்டை டிஸ்க்கோடு சேர்த்துவிட்டு, சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து அளவீட்டை ஓடவிடுங்கள். சக்கரங்களுக்கு நடுவே கையை வைத்திருக்கும்போது இக்னிஷனை யாரும் தொடக் கூடாது. சாவியை உங்கள் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

கேபிள் இழுக்கும் காலிப்பரில் பெரும்பாலும் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டியிருக்கும். நேராக அமுக்கினால் போகாது.

தூக்கும்போது இன்னொன்று. பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, பார்க்கை நம்பி பார்க்கிங் பிரேக்கை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் காற்றில் இருக்கும் சக்கரம் சுதந்திரமாகத் திரும்பும், தரையில் இருக்கும் சக்கரமும் உருளும். அந்த நேரத்தில் பார்க் எதையும் பிடிக்கவில்லை. முன் சக்கரக் கட்டைகள் இல்லாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

"சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் வாடை"

டூயல் கிளட்ச் வண்டியை மேட்டில் ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்துகிறீர்கள். ஆட்டோ ஹோல்டைப் போடுங்கள், அல்லது பிரேக்கை மிதியுங்கள். ஆட்டோ ஹோல்டு பிடிப்பது ஹைட்ராலிக் அழுத்தத்தால். சில நிமிடம் கழிந்தாலோ, பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தாலோ பொறுப்பைப் பார்க்கிங் பிரேக்கிடம் கைமாற்றிவிடும். மேட்டில் கிளம்பும்போது பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு வேறு, அது இரண்டு மூன்று நொடிதான்.

"தள்ளி நகர்த்த வேண்டும், வண்டி நகரவில்லை"

தானியங்கிக் கார் வாஷ், இழுவை வண்டி, கராஜுக்குள் ஓரம் ஒதுக்குவது, மூன்றிலும் இதே புகார்தான். இன்ஜினை அணைத்ததும் பார்க்கும் போட்டுக்கொள்கிறது, பார்க்கிங் பிரேக்கும் போட்டுக்கொள்கிறது. இக்னிஷனை அணைக்காமல் நியூட்ரலில் வைத்துத் தானியங்கிப் பிரேக்கை விலக்கும் முறை கையேட்டில் "கார் வாஷ்" அல்லது "இழுத்துச் செல்லுதல்" என்ற தலைப்பில் இருக்கும். நியூட்ரல் எங்கே என்று தேட வேண்டிய வண்டிகளும் உண்டு: பெராரி, லம்போர்கினியில் ஸ்டீயரிங் பின்னால் உள்ள, கியர் மாற்றும் இரண்டு பேடிலையும் ஒன்றாக இழுத்தால் நியூட்ரல். 2013-ல் வந்த 991 தலைமுறை போர்ஷே 911 ஜிடி3-யில் இரண்டு பேடிலையும் இழுத்துப் பிடித்தால் கிளட்ச் விடுபடும்; விட்டால் மறுபடி பிடிக்கும். இது ஓட்டத்துக்கான வசதி. தள்ளுவதற்கு கியர் லிவரையே நியூட்ரலுக்கு நகர்த்துங்கள். நியூட்ரல் போட்டுத் தள்ளத் தொடங்கும் முன் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலில் கால் வைத்திருக்கட்டும். இன்ஜின் ஓடாதபோது, பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரின் உதவி ஓரிரு மிதிக்குத்தான் மிஞ்சியிருக்கும், பிறகு பெடல் கல் மாதிரி இருக்கும். அப்போது பலம் கொடுத்து மிதிக்க வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.